இரணைமடுத் தரவைக் கிளறிப் பார்க்க ஒரு திரை: எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். இலங்கையின் வடக்கே, இரணைமடு உட்பட, கிளிநொச்சி மாவட்டக் குளங்களின் நாளாந்த நீர்மட்டம், மழைவீழ்ச்சி, காலபோகத்திலும் (மாரிப் பயிர்) சிறுபோகத்திலும் (கோடைப் பயிர்) விதைத்த ஏக்கர், விளைச்சல் எல்லாம் பல எக்செல் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. கொஞ்சம் பழைய பதிவேட்டிலேயே இருக்கிறது. கமக்காரர் அமைப்புக்காரரும் அலுவலர்களும் தாங்களே உள்ளே போய்த் தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு திரை செய்ய வேண்டும். பவர் பிஐ (மைக்ரோசொஃப்டின் வரைபு மென்பொருள்) வைத்து ஒரு டாஷ்போர்ட் போட்டால் காணுமா, எந்தத் தரவுக்கு எந்த வரைபு?

காணாது. "இன்றைக்கு எத்தனை அடி, போன வருசம் இதே நாளில் எத்தனை அடி" என்று ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வியைக் கேட்கிற ஆளுக்கு டாஷ்போர்ட் சரி. நீங்கள் கேட்பது தேடலுக்கான திரை. அங்கே படத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வியே பிறக்கும், அதற்கு விடை கண்டதும் இன்னொன்று வரும். அந்த அடுத்த கேள்வியைப் பார்க்கிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே கேட்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் இப்படியான திரையை மதிப்பிட வேண்டும். கேள்விகள் கடைசியில் எங்கே போய் முட்டும் என்றால், "இந்த இலக்கத்தை யார் எழுதினது, எந்தப் பக்கத்தில் இருக்கு?" என்பதில். அங்கே வரைக்கும் வழி விட்டுக் கட்ட வேண்டும்.

எந்த வரைபு என்பதற்கு முன்னால் யாருக்கு என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தரவைப் படமாக்குவதை ஆராய்கிற தமாரா மன்ஸ்னர் 2009 இல் இந்த வேலையை நான்கு அடுக்காகப் பிரித்துக் காட்டினார்: யாருக்கு என்ன சிக்கல், அதை எந்தத் தரவாக, எந்தப் பணியாக மாற்றுவது, எந்த வரைபும் ஊடாட்டமும் (தொட்டு, தெரிவு செய்து பார்க்கும் விதம்) அதற்குப் பொருந்தும், கடைசியாக அதை வேகமாக ஓட வைக்கும் நிரல். மேலடுக்கில் பிழை விட்டால் கீழே எவ்வளவு வடிவாகச் செய்தாலும் திருத்த முடியாது. இந்தத் துறையில் அடிக்கடி பார்ப்பது அதுதான்: ஆறு கலர், மூன்று வட்ட வரைபு, ஒரு சுழலும் வரைபடம். யாருடைய கேள்விக்கும் அதில் விடை இருக்காது.

உங்கள் விசயத்தில் மேலடுக்கு வெளிப்படையாகவே கிடைக்கிறது. சிறுபோகத்துக்கு முன் மாவட்டச் செயலகத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு என்பது அங்கேதான் முடிவாகும். அந்த மேசையில் எழும் கேள்வி: "இவ்வளவு தண்ணி நிண்ட வருசங்களில முன்னம் எத்தனை ஏக்கர் குடுத்தது? கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்ததோ?" முழுத் திட்டத்தையும் இந்த இரண்டு வரியைச் சுற்றிக் கட்டலாம். மற்றதெல்லாம் அதற்குக் கிளை.

தரவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலையில் பெரும்பங்கு அதிலேதான் போகும். எல்லாக் கோப்பையும் ஒரே நீளமான அட்டவணையாக மாற்றுங்கள்: குளம், திகதி, என்ன அளவு, எந்த அலகு, பெறுமானம், எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம், நிலை (அளந்ததா, மதிப்பீடா, இல்லையென்றால் ஏன் இல்லை). ஒரு வரிக்கு ஒரு அளவீடு. மாதத்துக்கு ஒரு பத்தி என்று அகலமாகக் கிடக்கும் எக்செல், மனிதன் வாசிக்கச் செய்தது. வரைபு மென்பொருளுக்கு அது ஒத்துவராது. பழைய கோப்புகளில் தமிழ் பாமினி எழுத்துருவில் இருக்கும், திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின் ஊர்ப்பெயர்களைக் கையாலேயே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பூநகரியும் பூனரினும் ஒரே இடம் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. அதனால் பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்க வேண்டாம், கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தை வைத்து இணையுங்கள். அலகு இன்னொரு புதைகுழி. மழை ஒரு காலத்தில் அங்குலம், பிறகு மில்லிமீற்றர். தண்ணீர் ஏக்கர் அடியிலும் கனமீற்றரிலும் (ஒரு ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கனமீற்றர்). நிலம் ஏக்கரிலும் ஹெக்ரேயரிலும். விளைச்சலோ புசல், கிலோ, மூடை என்று மூன்று விதம். நெல்லில் ஒரு புசல் 20.9 கிலோவுக்குக் கிட்ட, மூடைக்கு அப்படி உறுதியான கணக்கு இல்லை. மூடையில் எழுதினதைக் கிலோவாக மாற்றினால் அது மதிப்பீடு என்று நிலைப் பத்தியில் குறித்து வையுங்கள்.

அந்த நிலைப் பத்திதான் வன்னித் தரவுக்கு உயிர். மழைமானிப் பதிவில் வெறும் கட்டம் ஒன்று கிடந்தால் அது மழை இல்லாத நாளாக இருக்கலாம், அளக்க ஆள் வராத நாளாக இருக்கலாம், போரில் சனம் முழுதும் இடம்பெயர்ந்து கந்தோரே (அலுவலகமே) இல்லாத நாளாகவும் இருக்கலாம், அளந்து எழுதிய கொப்பி பிறகு எரிந்து போனதாகவும் இருக்கலாம். நாலும் நாலு விதம். எக்செல்லில் நாலும் வெற்றுக் கட்டம்தான். சில மென்பொருள் அதைச் சுழியம் என்று எடுக்கும், சில இரண்டு பக்கப் புள்ளியையும் கோட்டால் இணைத்துவிடும். 2008 இன் பிற்பகுதிக்கும் மீள்குடியேற்றத்துக்கும் நடுவே ஒரு நேர்கோடு ஓடினால், அந்த மாதங்களில் குளம் அமைதியாக ஏறி இறங்கியதாகப் பார்க்கிறவர் நம்புவார். இடைவெளியை இடைவெளியாகவே விட வேண்டும். சாம்பல் நிறத்தில் கோடு போட்ட பட்டி, விரலை வைத்தால் ஏன் இல்லை என்ற காரணம். குடிசனத் தரவுக்கும் இதே கதைதான். 1981 க்குப் பிறகு வன்னியை முழுதாக எண்ணிய கணக்கெடுப்பு 2012 இல்தான் வந்தது, 2001 கணக்கெடுப்பு இங்கே நடக்கவில்லை. கிளிநொச்சி தனி மாவட்டமானதே 1980களின் முற்பாதியில், அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள். 1981 இலிருந்து "கிளிநொச்சி மாவட்டம்" என்று ஒரு கோடு கீறினால், எதைக் கூட்டி அந்தத் தொடக்கப் புள்ளி வந்தது என்று திரையே சொல்ல வேண்டும்.

இனி அடி. இரணைமடுவைப் பற்றி எல்லோரும் அடியில்தான் கதைப்பார்கள், அளவுகோலும் அடியில்தான். ஆனால் குளம் மேலே போகப் போக அகலும், கீழே போகப் போகக் குறுகும். மேல் ஒரு அடியில் நிற்கும் தண்ணீர், கீழ் ஒரு அடியில் நிற்பதைப் போலப் பல மடங்கு. நீர்மட்டத்தைக் கோடாகக் கீறிப் பார்க்கிறவர், 30 இலிருந்து 28 க்கு இறங்கியதும் 14 இலிருந்து 12 க்கு இறங்கியதும் ஒரே இழப்பு என்று எடுத்துக்கொள்வார். நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் அடிக்கு எவ்வளவு கொள்ளளவு என்ற அட்டவணை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, கொள்ளளவைக் கீறி, அருகே அடியையும் எழுதுங்கள். சனத்துக்குப் பழகிய இலக்கத்தைப் பறிக்கக்கூடாது. இரணைமடுப் புனரமைப்பின்போது முழுக்கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 ஆக உயர்த்தப்பட்டதையும் மறக்க வேண்டாம். அதற்கு முன்னால் "நூறு வீதம்" என்றதும் இப்போது "நூறு வீதம்" என்பதும் ஒன்றல்ல. வீதத்தில் கீறினால் அந்த ஆண்டில் ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டுக் காரணத்தை எழுதி விடுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1996 இல் சொன்ன ஒழுங்கு இன்னும் உடையவில்லை: முதலில் முழுத்தோற்றம், பிறகு கிட்டப் போதலும் வடிகட்டலும், கேட்டால் விவரம். உங்கள் முழுத்தோற்றத்தை நான் இப்படி வைப்பேன். ஒரு வரிசைக்கு ஒரு வருடம், குறுக்கே வாரங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரத்துக் கொள்ளளவு நீல நிறத்தின் அடர்த்தியாக. வருடம் தை மாதம் தொடங்கக்கூடாது, ஒக்டோபரில் தொடங்க வேண்டும். வடகீழ்ப் பருவமழையோடு குளம் நிறையத் தொடங்கும், காலபோகம் தை, மாசி தாண்டி அறுவடையாகும், சிறுபோகம் ஆடி, ஆவணியில் முடியும், குளம் வற்றும். ஜனவரியில் வெட்டினால் ஒரு காலபோகம் இரண்டு வரிசையில் பிளந்து கிடக்கும், யாராலும் வாசிக்க முடியாது. ஒக்டோபரில் வெட்டினால் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுக் கதை: இடப்பக்கம் வெளிர், நடுவில் அடர், வலப்பக்கம் திரும்ப வெளிர். 2018 டிசம்பரில் வான் கதவுகள் திறந்து ஊர் வெள்ளத்தில் மிதந்த வருடம் பார்த்தவுடனேயே தனியாகத் தெரியும். பதிவில்லாத வருடங்கள் சாம்பல் பட்டியாகத் தெரியும். நாற்பது வருடம் ஒரு போன் திரைக்குள் அடங்கும்.

அதில் ஒரு வரிசையைத் தொட்டால் அந்த வருடம் கோட்டு வரைபாக விரியட்டும். மற்ற வருடங்கள் மெல்லிய சாம்பல் கோடாகப் பின்னால் நிற்க, தொட்ட வருடம் மட்டும் தடிப்பாக. அதன் கீழே அதே கால அச்சில் மழை. மழையையும் நீர்மட்டத்தையும் ஒரே படத்தில் இடமும் வலமும் இரண்டு அச்சுப் போட்டுக் கீற வேண்டாம். அந்த இரண்டு அளவுத்திட்டத்தையும் நகர்த்தி எந்த உறவையும் காட்டலாம், எந்த உறவையும் மறைக்கலாம். நீரியல் பொறியியலாளர்கள் மழையை மேலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டுக் கீறுவார்கள். அவர்களுக்கு அது பழக்கம், கமக்காரருக்கு மழை குறைகிற மாதிரித் தெரியும். நேராகவே கீறுங்கள்.

மூன்றாவது படம்தான் கூட்டத்துக்கானது. குறுக்கு அச்சில் சிறுபோகத் தொடக்கத்தில் நின்ற கொள்ளளவு, நிலைக்குத்து அச்சில் அந்தச் சிறுபோகத்துக்கு அனுமதித்த ஏக்கர். ஒரு வருடத்துக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் வருட இலக்கம். கடைசி வயல் வரை தண்ணீர் எட்டியிருந்தால் நிரம்பிய வட்டம், எட்டாவிட்டால் வெற்று வட்டம், தெரியாவிட்டால் பெருக்கல் குறி. இந்த வருடத்துத் தண்ணீரை ஒரு நிலைக்குத்துக் கோடாகப் போட்டதும், அந்தக் கோட்டுக்கு அக்கம்பக்கம் விழுந்த வருடங்கள்தான் மேசையில் கதைக்க வேண்டியவை. இருபது சொச்சம் புள்ளிதான் இருக்கும். அதற்குள்ளே போக்குக் கோடு, சமன்பாடு என்று எதையும் போடாதீர்கள், சமன்பாட்டைக் கண்டால் அது தீர்ப்பாகிவிடும்.

மூன்று படமும் ஒன்றோடொன்று பேச வேண்டும். புள்ளி வரைபில் வெற்று வட்டங்களை மட்டும் விரலால் வளைத்துத் தெரிவு செய்தால், முதல் படத்தில் அந்த வருட வரிசைகள் மட்டும் பளிச்சென்று நிற்க, மழைப் படமும் அவற்றுக்கு மாற வேண்டும். ரிச்சர்ட் பெக்கரும் வில்லியம் கிளீவ்லண்டும் 1987 இல் புள்ளி வரைபுகளுக்கு இந்த உத்தியை விளக்கி எழுதினார்கள். தேடலுக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். "தண்ணி கிடந்தும் கடைசி வயல் காஞ்சது எந்த வருசங்களில?" என்று கேட்டவர், அந்த வருடங்களில் சித்திரை மழை பெய்யவில்லையா, அல்லது ஏக்கர் கூடக் கொடுத்ததா என்று உடனேயே பிரித்துப் பார்க்கலாம். பார்த்த பிறகு புள்ளியை அழுத்திப் பிடித்தால் பதிவேட்டுப் பக்கத்தின் புகைப்படம் வர வேண்டும். போன் கமராவில் எடுத்ததே காணும். கையெழுத்தைக் கண்ட பிறகுதான் வாய்க்கால் தலைவர்மார் படத்தை நம்புவார்கள், சிலர் "அது 2 இல்லை, 7" என்று அங்கேயே திருத்தித் தருவார்கள்.

வாய்க்கால் வாரியான விளைச்சலுக்கு எல்லோரும் நிலப்படத்துக்குப் போவார்கள். நான் போகமாட்டேன். இடதுகரையையும் வலதுகரையையும் தனித்தனிப் பத்தியாக வைத்து, அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் ஓடுகிற ஒழுங்கிலே கிளைகளை மேலிருந்து கீழே அடுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் விளைச்சலை ஒரு புள்ளியாக. தலையிலிருந்து கடைக்குப் போகப் போகப் புள்ளி இடப்பக்கம் சரிகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். அகர வரிசையில் அடுக்கினால் இது ஒருக்காலும் தெரியாது. நிலப்படத்தில் நிறம் நிரப்பினால் இன்னொரு சிக்கலும் சேரும்: பரப்புப் பெரிதாக இருப்பது கண்ணைப் பிடிக்கும். முல்லைத்தீவு மாவட்டம் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, 2012 கணக்கெடுப்பில் சனமோ அதன் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. காடு நிறைந்த பிரிவு ஒன்று பெரிய கறுத்தத் துண்டாகத் தெரிந்து, அதற்குள் இருக்கும் சொற்பக் குடும்பத்தை ஒரு பெரிய பிரச்சினை ஆக்கிவிடும். நிலப்படம் வேண்டுமென்றால் எண்ணிக்கைக்கு வட்டம் போடுங்கள், நிறத்தை வீதத்துக்கு வையுங்கள்.

எந்த வரைபு எதற்கு என்பதில் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தலையிடி இல்லை. கிளீவ்லண்டும் ரொபர்ட் மெக்கிலும் 1984 இல் செய்து காட்டிய பரிசோதனை போதும்: ஒரே அளவுத்திட்டத்தில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைத்தான் கண் மிகத் திருத்தமாக வாசிக்கும், பிறகு நீளம், பிறகு கோணம், பரப்பு, நிறத்தின் அடர்த்தி கடைசிப் பக்கம். ஆகவே முக்கியமான ஒப்பீட்டை இடத்துக்குக் கொடுங்கள். மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளான கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி நான்கையும் வட்ட வரைபில் வெட்டி வைத்தால் இரண்டாவது எது, மூன்றாவது எது என்று கீழே இலக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டிவரும். கிடைச் சலாகை (படுக்கைப் பட்டை) வரைபு போடுங்கள், நீளமான தமிழ்ப் பெயருக்கும் இடம் கிடைக்கும். சலாகை சுழியத்தில் தொடங்க வேண்டும், கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் படத்தில் நானே நிறத்துக்கு முதலிடம் கொடுத்தேனே என்று கேட்பீர்கள். அது திருத்தமாக வாசிக்க அல்ல, விசித்திரமான வருடத்தைக் கண்டுபிடிக்க. வாசிக்கிற வேலையை அடுத்த கோட்டு வரைபு செய்யும். நிறத்தில் வானவில் வேண்டாம், நடுவில் வரும் மஞ்சள் தரவில் இல்லாத எல்லையைக் காட்டும். பச்சை நல்லது, சிவப்பு கெட்டது என்பதும் வேண்டாம், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள்.

இரணைமடுவோடு அக்கராயன், கல்மடு, கனகாம்பிகைக் குளங்களைப் பக்கத்தில் வைக்கும்போது ஒரே அளவுத்திட்டம் போட்டால் மற்றவை தரையோடு ஒட்டிக் கிடக்கும். வீதத்தில் வையுங்கள், ஆனால் அப்படி வைத்ததைப் பெரிதாக எழுதுங்கள். இந்தத் தண்ணீரைச் சுற்றி, யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் தொட்டு, எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அச்சில் ஒரு இலக்கத்தை மாற்றினால் ஒரு தரப்புக்கு ஆதாரமாகிவிடும் படம் இது.

தரவுக்கு வெளியே நடந்ததையும் படத்துக்குள் எழுத இடம் விடுங்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது, 2021/22 காலபோக விளைச்சல் நாடு முழுதும் விழுந்தது. குளத்தையும் மழையையும் மட்டும் வைத்துப் பார்க்கிறவர் அந்தப் புள்ளிக்குத் தண்ணீரில் காரணம் தேடித் தேடிக் களைப்பார். 2020 டிசம்பர் புரெவிப் புயலும் அப்படித்தான். குறிப்பை எழுதுகிற உரிமை அலுவலகத்துக்கு மட்டும் இருக்கக்கூடாது, கமக்காரர் அமைப்புச் செயலாளரும் எழுதலாம். யார் எழுதினது, எப்போது என்று கூடவே நிற்கட்டும்.

வேகத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். ஜிச்செங் லியுவும் ஜெஃப்ரி ஹீரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு தொடுகைக்கும் அரை விநாடி கூடுதல் தாமதம் சேர்த்ததற்கே ஆட்கள் தேடுவதைக் குறைத்துக்கொண்டார்கள், கண்டுபிடித்ததும் குறைந்தது. நாளுக்கு ஒரு அளவீடு என்றால் ஒரு குளத்துக்கு நாற்பது வருடமும் 15,000 வரிக்குள் அடங்கும். அதை முழுதாகப் போனில் இறக்கி அங்கேயே கணக்குப் பண்ணலாம், ஒவ்வொரு தொடுகைக்கும் சேவையகத்துக்கு ஓட வேண்டியதில்லை. துணுக்காய்ப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் வேலை நடக்கும். பதிவேட்டுப் படங்கள் மட்டும் கேட்கும்போது வரட்டும். கமநல சேவை நிலைய மண்டபத்தில் புரொஜெக்டர் ஓடாத நாளும் இருக்கும், ஆகவே எந்தக் காட்சியையும் அப்படியே ஏ3 தாளில், கறுப்பு வெள்ளையில், விளங்கும்படி அச்செடுக்க வேண்டும். நிரம்பிய வட்டம், வெற்று வட்டம் என்று சொன்னதும் இதற்குத்தான், நிறம் போனாலும் அது நிற்கும்.

குடும்ப வாரித் தரவு (காணி, உதவித்திட்டம், குடும்பத் தலைவர் யார்) இதற்குள் வேண்டவே வேண்டாம். சிறிய ஊரில் மூன்று வீட்டுச் சராசரி என்றால் அது யாருடைய வீடு என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் சனத்துக்கு யாரோ ஒருவருடைய பட்டியலில் பெயர் இருப்பதன் கனம் தெரியும்.

பவர் பிஐ-யைப் பற்றிக் கேட்டீர்கள். கந்தோரில் உரிமம் இருந்தால் முதல் வரைவுக்குப் பரவாயில்லை, படங்களை இணைக்கவும் அதில் முடியும். வெற்றுக் கட்டத்தின் நாலு காரணத்தையும் காட்டப் போனால் மல்லுக்கட்ட வேண்டிவரும். உங்களுக்குக் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் வரும் என்றால் வேகா-லைட் அல்லது டி3 (இரண்டும் உலாவியில் வரைபு கீறுபவை), ஆர் மொழி பழக்கம் என்றால் அதன் ஷைனி. பைதன் மொழியில் மேட்பிளாட்லிப் என்ற வரைபுக் கருவியைப் பாவித்தால் தமிழ் எழுத்தை முதலில் சோதியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி விழும் சிக்கல் அதில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. உலாவியில் கீறினால் அந்தத் தொல்லை இல்லை. டாப்லோ பப்ளிக் (இணையத்தில் வரைபு வெளியிடும் தளம்) இலவசம்தான், ஆனால் ஏற்றியது எல்லோருக்கும் தெரியும், திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே போடாதீர்கள்.

நிரல் எழுத முன் ஒரு வேலை. இரணைமடுவின் பத்து வருடத்தை மட்டும் எடுத்து, மேலே சொன்ன மூன்று படத்தையும் எக்செல்லிலோ கையாலோ தாளில் கீறி, ஒரு வாய்க்கால் தலைவரிடமும் ஒரு நீர்ப்பாசன உத்தியோகத்தரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது, வாயில் என்ன கேள்வி வருகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். தாளால் விடை சொல்ல முடியாத கேள்விகள் எவையோ, அவைதான் திரையில் நீங்கள் செய்ய வேண்டிய பொத்தான்கள்.